சின்ன மீனையே எடுத்துக்கொள்

அன்பு மகளுக்கு,

அலாஸ்காவின் ஜூனோவில் குளிர் ஆரம்பித்திருக்கும். தலைக்குக் குல்லா இல்லாமல் படகில் ஏறாதே. ஆய்வுக்குத் திமிங்கிலத்தை எடுப்பதா, கேப்லின் மாதிரிச் சின்ன மீன்களை எடுப்பதா என்று கேட்டிருந்தாய். சின்ன மீனையே எடுத்துக்கொள், கண்ணு.

2015 கோடை முதல் 2016 வசந்தம் வரை, அலாஸ்கா முதல் கலிபோர்னியா வரை செத்துக் கரை ஒதுங்கிய மர் என்ற கடற்பறவைகளை நினைத்துப் பார். கரையில் கிடந்தவை மட்டும் ஏறத்தாழ 62,000. அலாஸ்காவில் இருந்தவற்றில் பாதி, சுமார் 40 லட்சம் பறவைகள், அழிந்தன என்று 2024-இல் வந்த ஆய்வு சொல்கிறது. வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அறுத்துப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை எலும்பும் தோலுமாக இருந்தன. கொழுப்பு கரைந்து, நெஞ்சுச் சதை வற்றி, இரைப்பை வெறுமையாகக் கிடந்தது. நூறு மீட்டருக்கும் கீழே மூழ்கி இரை தேடும் பறவை அது. தினமும் தன் எடையில் பாதியளவு மீன் வேண்டும். நான்கைந்து நாள் கிடைக்காவிட்டால் உயிர் போய்விடும்.

இதற்குக் காரணம் 2014-இல் தொடங்கிய கடல் வெப்ப அலை, அதாவது கடல்நீர் நெடுநாள் வழக்கத்தைவிடச் சூடாகவே இருந்தது. ஆனால் அது பறவையை நேரடியாகத் தொடவே இல்லை. நீரோட்டத்தில் மிதக்கும் நுண்ணிய மிதவை உயிரிகளில், கொழுப்பு மிகுந்த குளிர்நீர் வகைகள் குறைந்து, சிறியதும் சத்துக் குறைந்ததுமான வகைகள் பெருகின. அவற்றைத் தின்ற கேப்லினும் சேண்ட் லேன்ஸ் என்ற இன்னொரு சின்ன மீனும் குறைந்தன, மெலிந்தன. அதே சமயம் காட் போன்ற பெரிய மீன்களின் பசி ஏறியது. குளிர் ரத்தப் பிராணிதானே. தண்ணீர் சூடானால் உடலின் எரிப்பு கூடும், தீனியும் கூடக் கேட்கும். இருக்கிற கொஞ்சம் இரைக்குப் பறவையும் மீனும் போட்டியிட்டன. பறவை தோற்றது. காட் மீனாவது பிழைத்ததா? அதுவும் சரிந்து, 2020-இல் அலாஸ்கா வளைகுடாவில் அமெரிக்க மத்திய அரசின் பொறுப்பிலுள்ள கடற்பகுதியில் அந்த மீன்பிடிப்பையே மூட வேண்டியதாயிற்று.

உன் திமிங்கிலத்தின் கதையும் இதில்தான் இருக்கிறது. அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடாவில் அந்த ஆண்டுகளில் கூனல் திமிங்கிலக் குட்டிகள் அரிதாகிப்போயின. தாய்க்கே தீனி போதாதபோது குட்டி எப்படிப் பிழைக்கும்?

ஆகவே எத்தனை மீன் என்று எண்ணுவதோடு நிறுத்தாதே. ஒவ்வொன்றிலும் எவ்வளவு கொழுப்பு என்று அளந்து வை. ஒரே நீளமுள்ள இரண்டு கேப்லின்களில் ஒன்று பறவையின் வயிற்றை நிரப்பும், மற்றது வெறும் சக்கையாக இருக்கும். காட் மீன் கிடைத்தால் அதன் இரைப்பையையும் திறந்து பார்.

உன் பேராசிரியரிடம் சீக்கிரம் சொல்லிவிடு. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா