கொடி கட்ட ஓர் இடம்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. வாசித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எங்கள் தொடர்மாடிக் கூட்டம் நடக்கட்டும், முடிவையும் சேர்த்தே எழுதலாம் என்று பேனாவை வைத்துவிட்டேன். கூட்டம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதற்கு முன் உன் முழங்கால் எப்படி என்று சொல். ஊசி போட்டுக்கொண்டாயா? படி ஏறி இறங்குகிறாயா?

"வெயில் கொளுத்துகிற ஊரில் இருந்துகொண்டு உடுப்புக் காயப் போட வழியில்லை என்கிறாய். ஒரு ட்ரையரை வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இரேன்" என்று எழுதியிருந்தாய். என் மகனும் இதையேதான் சொல்கிறான். விலை எல்லாம் பார்த்து வைத்திருக்கிறான். நீங்கள் இருவரும் என்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு வேண்டியது மெஷின் இல்லை. கொடி கட்ட ஓர் இடம்.

நடந்ததைச் சொல்கிறேன். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு லிஃப்டுக்குப் பக்கத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். கடல் பக்கத்துப் பல்கனிகளில் இனி உடுப்புக் காயப் போடக் கூடாது. மெரின் டிரைவில் போகிறவர்கள் கண்ணுக்குக் கட்டடம் அசிங்கமாகத் தெரிகிறதாம். அதுவும் பரவாயில்லை. நிர்வாகக் குழுவில் இருக்கிற ஒருவர் என்னிடமே சொன்னார், "தோட்டத்து வீடுகள் மாதிரி இருக்கு, மிஸிஸ்." அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. தோட்டத்து நெருக்க வீடுகளில் இருக்கிற ஏழைச் சனங்கள் தோய்த்துச் சுத்தமாக உடுக்கிறார்கள், அதை வெயிலில் போடுகிறார்கள். அதில் என்ன அசிங்கம்? ஊத்தை உடுப்பா கொடியில் தொங்குகிறது?

மொட்டை மாடி என்று ஒன்று இருக்கிறதே என்பாய். இருக்கிறது. தண்ணீர்த் தாங்கிகள் அங்கே இருப்பதால் எப்போதும் பூட்டு. திறப்பு வாட்சரிடம். மிச்சம் இருப்பது சமையலறைக்குப் பின்னால், பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி ஒரு முழ அகல இடம். அங்கே வெயில் எட்டிப் பார்க்காது.

உனக்கு நாம் வாடகைக்கு இருந்த அனெக்ஸ் நினைவிருக்கிறதா? ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், பின்வளவில் ஒரு தென்னைக்கும் மதிலில் அடித்த ஆணிக்கும் நடுவே தும்புக் கயிறு. நடுவில் தொய்யாமல் ஒரு கவர்த்தடி. வீட்டுக்கார அன்ரி விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லுவா, பொழுதுபட உடுப்பு வெளியில் கிடக்கக் கூடாது என்று. நாங்கள் வேலை முடிந்து 155 பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர ஆறரை ஆகிவிடும். அன்ரியே எடுத்து மடித்து வாசலில் வைத்திருப்பா. திட்டிக்கொண்டே மடிப்பா, ஆனால் மடிப்பா.

அந்தக் கொடியில் நாங்கள் ஒன்று செய்வோமே. உள்ளுடுப்புகளைப் போட்டு, அதற்கு மேல் துவாயையோ பாவாடையையோ போட்டு மூடிவிடுவோம். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆண்பிள்ளைகள் இருக்கிற வீடு. மழைக்காலத்தில் அதுவும் இல்லை, கட்டிலுக்குக் கீழே கயிறு கட்டிப் போட்டோம். ஈரம் வற்றாததையே உடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனோம். எனக்குத் தொடையில் படை வந்து, வெட்கத்தில் இரண்டு மாதம் டொக்டரிடம் காட்டாமல் இருந்தேன். நீதான் இழுத்துக்கொண்டு போனாய். அந்த டொக்டர் அம்மா என்ன சொன்னா? "மருந்து தருகிறேன், பூசு. ஆனால் உள்ளே போடுவதை வெயிலில் காயப் போடு." வெயில் இலவசமாகக் கிடைத்த ஊரில், நம் உடம்போடு ஒட்டியிருப்பதற்கு மட்டும் வெயில் கிடைக்காமல் எத்தனை வருடம் பார்த்துக்கொண்டோம்! இந்த அறிவித்தலைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் அந்தப் பழைய கோபமும் சேர்ந்ததுதான்.

ட்ரையர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதன் அருமை எனக்கும் தெரியும். அம்மாவின் கடைசி மாதங்களைப் பற்றி உனக்கு முழுதாக எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

அம்மா படுக்கையானது வைகாசியில். தென்மேல் பருவ மழை தொடங்கிவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று விரிப்பு, நான்கு விரிப்பு மாற்ற வேண்டும். எதுவும் காயாது. மின்விசிறிக்குக் கீழே கதிரைகளில் விரித்தேன், ஸ்திரிப் பெட்டியால் ஈரத்தோடு தேய்த்தேன். காய்ந்தது போல இருக்கும், முகத்தருகே கொண்டுபோனால் ஒரு புளித்த வாடை. மெதுவாகக் காய்கிற துணியில் மொராக்ஸெல்லா என்ற ஒரு பக்டீரியா பெருகுவதால் வருகிற வாடை அது என்று ஜப்பான்காரர்கள் 2012இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்த வாடை பிடிக்கவே இல்லை. பேச முடியாத நிலையிலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவா. ஆயுள் முழுக்க யாழ்ப்பாணத்து வெயிலில் காய்ந்ததை மணந்து பார்த்து மடித்த மனுஷி.

மூன்றாம் மாடியில் இருக்கிற ஒரு முஸ்லிம் குடும்பம், நான் கேட்காமலே ஒருநாள் கதவைத் தட்டியது. "எங்கட ட்ரையர் சும்மாதான் நிக்குது, தாங்க" என்று அந்தப் பிள்ளை விரிப்புகளை வாங்கிக்கொண்டு போனாள். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கூடையோடு திரும்பி வந்தாள். சூடு. அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியது போல. அப்படியே அம்மாவுக்கு விரித்தேன். அம்மா கையை மெல்ல நகர்த்தி, விரிப்பின் ஓரத்தைப் பிடித்து, கன்னத்துக்குக் கொண்டுபோனா. கண்ணை மூடிக்கொண்டா. அதன்பிறகு கடைசி வரைக்கும் அந்தப் பிள்ளைதான் காயவைத்துத் தந்தாள், ஒரு சதம் வாங்கவில்லை.

அந்த ட்ரையர் வெளியே புகைபோக்கி இல்லாத வகை. ஈரத்தைக் குளிரவைத்துத் தண்ணீராக ஒரு தட்டில் சேர்க்கும். ஒருநாள் எனக்கு அந்தத் தட்டை இழுத்துக் காட்டினாள். இரண்டு லீற்றருக்குக் குறையாது. அத்தனை தண்ணீரும் அதுவரை அம்மாவின் அறைக் காற்றில்தான் கலந்துகொண்டிருந்தது. சுவர் மூலையில் பூஞ்சணம் பிடித்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

ஆகவே நோயாளி இருக்கிற வீடு, கைக்குழந்தை இருக்கிற வீடு, மழை மாதம், உங்கள் பனிக்காலம், இதற்கெல்லாம் ட்ரையர் வேண்டும். அதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. ஆனால் மாசி மாதத்தில், பத்து மணி வெயிலில் சேலை ஒரு மணி நேரத்தில் காய்கிற ஊரில், கதவைப் பூட்டிக்கொண்டு கரண்டில் காயவைக்கச் சொல்வது என்ன நியாயம்?

கணக்கும் பார்த்தேன். சாதாரண ட்ரையர் ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று யூனிட் தின்னும். சூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற வெப்பப்பம்பு வைத்த புது வகை அதில் பாதி, ஆனால் விலை கூட. எங்கள் வீட்டில் மாதம் 110 யூனிட் வரும். பன்னிரண்டு தடவை போட்டால் 140 அளவுக்கு வந்துவிடும். இங்கே 120ஐத் தாண்டினால் அடுத்த படிக் கட்டணம் என்பது உனக்குத் தெரியாது, நீ போன காலத்தில் பில்லைப் பற்றி யார் கவலைப்பட்டோம்? 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் திரும்ப 66 வீதம் என்று ஏற்றினார்கள். பிறகு குறைத்தார்கள்தான், ஆனால் அந்தப் பயம் போகவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. லிஃப்டும் இல்லை. அப்போது குழுவே மொட்டை மாடியைத் திறந்துவிட்டது. ஈர வாளியைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறினோம். மேலே போனால் முழுக் கட்டடத்துப் பெண்களும் நிற்கிறார்கள். பதினொரு வருடம் ஒரே லிஃப்டில் தலையாட்டிக்கொண்டவர்களோடு அன்றைக்குத்தான் பேசினேன். யாரிடம் காஸ் இருக்கிறது, எந்தக் கடையில் பால்மா வந்திருக்கிறது என்று எல்லாச் செய்தியும் கொடியடியில்தான். கரண்ட் திரும்பியதும் பூட்டும் திரும்பிவிட்டது.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். நீ முன்பு சொன்ன ஒன்றை நான் அங்கே எடுத்துப் போட்டேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பல குடியிருப்புகளில் கொடி கட்டக் கூடாது என்று வீட்டு உறுதியிலேயே எழுதியிருந்ததும், 2008இல் மாகாண அரசு அந்தத் தடைகள் செல்லாது என்று ஒழுங்குவிதி கொண்டுவந்ததும் நீ சொல்லித்தானே எனக்குத் தெரியும். "பனி கொட்டுகிற ஊரிலேயே கரண்டை மிச்சம் பிடிக்கக் கொடிக்கு உரிமை கொடுத்திருக்கிறார்கள்" என்றேன். இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒருவர் இருக்கிறார். "அது தனி வீடுகளுக்கும் வரிசை வீடுகளுக்கும்தான், மாடிக் கட்டடங்களுக்கு இல்லையே" என்றார். உண்மைதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் அவரே அப்புறம் எழுந்து, "பல்கனி வேண்டாமென்றால் மொட்டை மாடியைக் கொடுங்கள், இரண்டையும் மறுக்க முடியாது" என்றார். அந்த ஒரு வசனம் எங்களுக்குப் போதுமாக இருந்தது.

முடிவு இதுதான். மூன்று மாதத்துக்கு மொட்டை மாடி காலை ஏழிலிருந்து மாலை ஐந்தரை வரை திறந்திருக்கும். தாங்கிகளைச் சுற்றிக் கம்பி வலை அடிக்க எங்கள் செலவு. மாடிக்கு ஒரு கொடி. மூன்றாம் மாடிப் பிள்ளையும் வருகிறாள். ட்ரையர் வைத்திருக்கிறவளே முதல் ஆளாகக் காசு தந்தாள்!

நேற்று அம்மாவின் பழைய பருத்திச் சேலையைக் கஞ்சி போட்டு எடுத்துப் போனேன். நாலாம் மாடி அக்கா மறு தலைப்பைப் பிடித்தா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உதறினோம், அந்த "படீர்" சத்தம் எத்தனை வருடத்துக்குப் பிறகு! கரை நேராக நீட்டி, நீளவாட்டில் இரண்டாக மடித்துப் போட்டோம். சாயம் வெளுக்கும் என்று பத்திக் சட்டைகளை மறுபுறம் திருப்பித் தாங்கியின் நிழலில். உள்ளுடுப்புகளை முன்வரிசைக் கொடியில், மேலே எதையும் போட்டு மூடாமல் போட்டேன். உனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று அங்கேயே நினைத்தேன். பிற்பகல் எடுத்து மணந்து பார்த்தேன். அந்த மணம் வெறும் நினைப்பு இல்லை, தெரியுமா? கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஒரே மாதிரித் துவாய்களைச் சுத்தத் தண்ணீரில் தோய்த்து, வெயிலிலும் நிழலிலும் அறைக்குள்ளும் காயவைத்துப் பார்த்திருக்கிறார்கள். வெயிலில் காய்ந்ததில் மட்டும், செடிகளிலும் வாசனைத் திரவியங்களிலும் இருக்கிற சில சேர்மங்கள் உண்டாகியிருந்தன. ஈரத் துணியில் வெயில் படும்போது அவை உருவாகின்றனவாம். 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள். அம்மா இருந்திருந்தால், இதைச் சொல்ல ஆராய்ச்சி வேணுமா என்றிருப்பா.

உன் பக்கத்து விஷயமும் ஒன்று. உன் ட்ரையரின் வடிதட்டில் சேர்கிற பஞ்சை ஒவ்வொரு தடவையும் எடுக்கிறேன் என்று எழுதியிருந்தாய். நல்லது. ஆனால் சுவருக்குப் பின்னால் வெளியே போகிற குழாயை எப்போது துப்புரவாக்கினாய்? அமெரிக்காவில் 2008இலிருந்து 2010 வரை வருடத்துக்கு ஏறக்குறைய 2,900 வீட்டுத் தீ விபத்துகள் ட்ரையரால் வந்தன என்று அவர்களுடைய தீயணைப்பு நிர்வாகமே சொல்லியிருக்கிறது. முதல் காரணம் துப்புரவாக்காமல் விடுவது. தனியாக இருக்கிறவள் நீ. மெஷினைப் போட்டுவிட்டுப் படுக்கப் போகாதே. ஆளைக் கூப்பிட்டுக் குழாயைப் பார்க்கச் சொல், முழங்காலோடு நீ குனிந்து தேடாதே.

நீ தையில் வருகிறாய் என்பது நிச்சயம்தானே? வரும்போது சொக்லேட் வேண்டாம். துருப்பிடிக்காத எஃகில் செய்த உடுப்புக் கிளிப் அங்கே கிடைத்தால் வாங்கி வா. இங்கே வாங்குவதெல்லாம் கடற்காற்றில் ஆறு மாதத்தில் துருவேறி, வெள்ளைச் சட்டையில் கறை வைக்கிறது. ஒரு நாற்பது கொண்டு வா, நாலாம் மாடி அக்காவுக்கும் வேண்டுமாம். எங்கள் கொடி தெற்கு ஓரத்தில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் முறை.

அன்புடன்,
உன் அனெக்ஸ் தோழி