சைகைமொழிபெயர்ப்பாளரின் ஊதியம் நிர்வாகச் செலவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டர்பன் வட்டாரக் கோயில் விழாக்களில் சக்கர நாற்காலி வழங்கும் படங்களைத் தங்கள் இதழில் ஆண்டுதோறும் காண்கிறேன். கொடுப்பவர்களின் மனத்தை நான் குறை சொல்லவில்லை. அத்தகைய நாற்காலி ஒன்று கிடைத்த பிறகுதான் எங்கள் உறுப்பினர் ஒருவர் எட்டு மாதங்களுக்குப் பின் வாசற்படி தாண்டினார். ஆனால் மாற்றுத்திறனாளிகள் தாங்களே கூடி, தாங்களே தலைவரைத் தேர்ந்தெடுத்து நடத்தும் சங்கம் என்று சொல்லிக்கொண்டு போனால் அதே கைகள் தயங்குகின்றன. சாட்ஸ்வர்த்தில் அப்படிப்பட்ட சிறு சங்கம் ஒன்றுக்கு ஆறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் தலைவர் பார்வையற்றவர். செயற்குழுவில் இருவருக்குக் காது கேளாது. நான் ஊன்றுகோலுடன் நடப்பவன். நாங்கள் ஒரு கூட்டம் கூட வேண்டுமானால் சைகைமொழிபெயர்ப்பாளர் வர வேண்டும், சக்கர நாற்காலி ஏறும் வண்டியை வாடகைக்கு அமர்த்த வேண்டும். சென்ற ஆண்டு நிதியமைப்பு ஒன்றுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் இவ்விரண்டையும் ‘நிர்வாகச் செலவு’ என்று அடித்துவிட்டு, பயிற்சிப் பட்டறைக்கு மட்டும் பணம் தந்தார்கள். அந்தப் பட்டறையைத் திட்டமிட நாங்கள் கூடியபோது மொழிபெயர்ப்பாளர் இல்லை. காது கேளாத உறுப்பினர்கள் இருவரும் இரண்டு மணி நேரம் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள். ஒருவருக்கு நான் தாளில் எழுதிக் காட்டினேன். ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருந்தது. தென்னாப்பிரிக்கச் சைகைமொழி 2023 ஜூலையில் நாட்டின் 12ஆவது ஆட்சிமொழியானது. அம்மொழியில் பேசுவதற்கான செலவைத் தேநீர்ச் செலவோடும் தபால் செலவோடும் ஒரே வரிசையில் வைப்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

விண்ணப்பிப்பதும் எளிதன்று. மற்றோர் அமைப்பின் இணையப் படிவத்தை, திரையில் உள்ள எழுத்தைப் பார்வையற்றோருக்குக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானால் படிக்க முடியவில்லை. எங்கள் தலைவர் தம் மகனை உட்காரவைத்து நிரப்பச் செய்தார். தணிக்கை செய்த இரண்டு ஆண்டுக் கணக்கு, நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் 18ஏ சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். கேட்பது நியாயமே, பொதுப்பணத்திற்குக் கணக்கு வேண்டும். ஆயினும் சம்பளத்திற்கு எழுத்தர் வைத்திருக்கும் பெரிய தொண்டு நிறுவனம் ஒரு பிற்பகலில் முடிக்கும் வேலை எங்களுக்கு இரண்டு மாதம் இழுக்கிறது, தணிக்கையாளருக்குக் கொடுக்கும் கட்டணத்தையும் எவரும் தருவதில்லை.

தென்னாப்பிரிக்க மாற்றுத்திறனாளர் அமைப்பு 1984இல், இனஒதுக்கல் ஆட்சி நடந்தபோதே, மாற்றுத்திறனாளிகளாலேயே தொடங்கப்பட்டது. ‘எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்’ என்ற முழக்கத்தை 1990களில் பரப்பியவர்களுள் இந்நாட்டின் மைக்கேல் மசூத்தாவும் வில்லியம் ரோலண்டும் உண்டு. இருவருமே பார்வையற்றவர்கள், மசூத்தா பின்னாளில் நீதித்துறை அமைச்சரானார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை நம் நாடு 2007இல் ஏற்றது. அதன் கண்காணிப்புக் குழு 2018இல் வெளியிட்ட 7ஆவது பொதுக் கருத்துரை, மாற்றுத்திறனாளிகள் வழிநடத்தும் அமைப்புகளைப் பிறர் அவர்களுக்காக நடத்தும் அமைப்புகளிலிருந்து பிரித்துக் காட்டுவதோடு, திட்டங்களுக்கு மட்டுமின்றி அமைப்பின் அன்றாட இயக்கத்திற்கும் நிதி வேண்டும் என்று வலியுறுத்துகிறது.

அரசு செய்யட்டும் என்று காத்திருக்காமல் நம் கோயில் அறக்கட்டளைகளும் வணிகப் பெருமக்களும் இதைத் தொடங்கலாம். நாற்காலிகளுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை, சிறிதாயினும், மூன்று ஆண்டுகளுக்குத் தொடர்ந்து தருவதாக உறுதி கூறி, மொழிபெயர்ப்பாளருக்கும் வண்டிக்கும் தணிக்கைக்கும் அதைச் செலவிட அனுமதிக்க வேண்டுகிறேன். அவ்வாறு தர முன்வருவோர் எங்கள் செயற்குழுக் கூட்டத்திற்கே நேரில் வந்து பேரேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். வருபவர்களின் கேள்விகளுக்குக் காது கேளாத அவ்விரு உறுப்பினர்களும் விடை சொல்ல அன்றைக்கு மொழிபெயர்ப்பாளரை எங்கள் கைப்பணத்திலேயே அழைத்து வைப்போம்.

இப்படிக்கு,
ஒரு சங்கப் பொருளாளர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.