தொண்டை நோவுக்குக் கடையில் நறுக்கி வாங்கும் குளிசைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாடைக் காற்றும் மாரி மழையும் தொடங்கியதும் திருகோணமலையில் பாடசாலைப் பிள்ளைகளிடையே ரொன்சில் (தொண்டையின் இருபுறமும் உள்ள சதை) வீக்கம் பரவுவதும், பெற்றோர் பலர் வைத்தியரிடம் போகாமல் நேரே மருந்துக் கடைக்குப் போவதும் வழக்கமாகிவிட்டன. அண்மையில் ஒரு கடையில், "மகளுக்குத் தொண்டை நோகுது, காய்ச்சலும் இருக்கு" என்று ஒரு தாய் சொன்னவுடன், பிள்ளையின் வயதைக்கூடக் கேட்காமல், பக்டீரியாக் கிருமிகளைக் கொல்லும் அன்ரிபயோட்டிக் மருந்தான அமொக்சிசிலின் அட்டையிலிருந்து ஆறு குளிசைகளைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் கொடுத்தார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் திகதியும் மீதி அட்டையோடு கடையிலேயே தங்கிவிட்டன. மருந்துச் சிட்டை இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது. தாதியாகப் பணிபுரிந்து ஓய்வுபெற்ற என்னால் இதைக் கண்டும் காணாமல் இருக்க முடியவில்லை.

ரொன்சில் வீக்கத்துக்குப் பெரும்பாலும் வைரஸ்களே காரணம். மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல், கண் சிவத்தல் ஆகியவை தொண்டை நோவுடன் சேர்ந்து வந்தால் அது அநேகமாக வைரஸ் தொற்றுத்தான். அதற்கு அன்ரிபயோட்டிக் எவ்விதப் பயனும் தராது. ஓய்வு, போதிய நீராகாரம், பிள்ளையின் எடைக்கேற்ற அளவில் பரசிற்றமோல், கொப்பளிக்கத் தெரிந்த வயதென்றால் இளஞ்சூடான உப்பு நீர் ஆகியவற்றோடு ஒரு கிழமைக்குள் மாறிவிடும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஐஸ்பழத்தைக் குற்றஞ் சொல்வதிலும் பொருளில்லை. இருமல், தும்மல், ஒரே தண்ணீர்ப் போத்தலில் பலர் வாய் வைத்துக் குடித்தல் ஆகியவற்றால்தான் கிருமி பரவுகிறது.

தொண்டை நோவுடன் வரும் பிள்ளைகளில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதமானோரிடம் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் பக்டீரியா காணப்படுகிறது. 5 முதல் 15 வயதுவரையானோரையே இது அதிகம் தாக்கும். இருமல் இல்லாமல் திடீரெனக் கடும் காய்ச்சல், விழுங்க முடியாத நோவு, தாடைக்குக் கீழே நெறி கட்டுதல், ரொன்சிலின் மேல் வெண்படலம் ஆகியன இதன் அறிகுறிகள். ஆயினும் சில வைரஸ் தொற்றுகளிலும் அதே வெண்படலம் தோன்றுவதால், கைபேசி வெளிச்சத்தில் வாய்க்குள் பார்த்துவிட்டு வீட்டிலேயே முடிவெடுப்பது சரியல்ல. வைத்தியர் பார்த்து, தேவையானால் தொண்டையிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதித்தே தீர்மானிக்க வேண்டும்.

பக்டீரியாத் தொற்றுக்குப் பென்சிலினோ அமொக்சிசிலினோ வழமையாக 10 நாட்களுக்குக் கொடுக்கப்படும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டு, பிள்ளை சோறு கேட்கத் தொடங்கியதும் தாய்மார் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். கடையில் வாங்கிய ஆறு குளிசைகளும் அத்துடன் தீர்ந்துவிடும். ஆனால் தொண்டையில் கிருமி எஞ்சியிருக்கும். அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தியே, இரண்டு முதல் நான்கு கிழமைகளில், சில பிள்ளைகளின் மூட்டுகளையும் இருதய வால்வுகளையும் தாக்குகிறது. வாதக் காய்ச்சல் என்பது இதுதான். இன்று முழங்கால் வீங்கும், நாளை கணுக்கால் வீங்கும்; மூட்டு வீக்கம் வற்றிவிட்டாலும் வால்வுக்கு நேர்ந்த சேதம் சிலருக்கு வாழ்நாள் முழுவதும் இருக்கும். பாடசாலைச் சீருடையோடு வந்து, அந்நோய் திரும்பாமலிருக்க, மூன்று நான்கு கிழமைக்கொருமுறை, ஆண்டுக்கணக்காக, அந்தத் தடித்த பென்சிலின் ஊசியைப் போட்டுக்கொண்டு போகும் பிள்ளைகளை நான் நன்கறிவேன். நோய் தொடங்கி 9 நாட்களுக்குள் முறையான மருந்தை ஆரம்பித்தாலே வாதக் காய்ச்சலைப் பெரிதும் தடுக்கலாம் என்பதால், முதல் நாளே கடைக்கு ஓட வேண்டிய அவசரம் எதுவுமில்லை. அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகக் காட்டுவதற்கு நேரம் இருக்கிறது.

உண்மையில் அவசரமானது வேறொன்று. வாயைத் திறக்க முடியாமை, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிடுதல், ஒரு பக்கத்தில் மட்டும் கடும் நோவு, மூச்சுத் திணறல் ஆகியவை ரொன்சிலை ஒட்டிச் சீழ் கட்டியிருப்பதைக் காட்டக்கூடும். வெருகலிலோ குச்சவெளியிலோ இருப்பவர்கள், தூரத்தை எண்ணி விடியும்வரை காத்திராமல் அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டும்.

ரொன்சிலை அகற்றும் சத்திரசிகிச்சை எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவைப்படாது. ஓராண்டில் ஏழு தடவை, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு ஐந்து தடவை, அல்லது தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு மூன்று தடவை கடுமையாக வந்தால்தான் பொதுவாக அதைப் பற்றி வைத்தியர்கள் யோசிப்பார்கள்.

சிட்டையின்றி அன்ரிபயோட்டிக் விற்பதை மருந்துக் கடைக்காரர்கள் நிறுத்த வேண்டும் என்றும், பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும் சுகாதார உத்தியோகத்தர்கள் 10 நாள் மருந்தின் காரணத்தைப் பெற்றோரை அழைத்து விளக்க வேண்டும் என்றும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
உவர்மலை,
திருகோணமலை.