வீடற்ற ஆண்கள் தங்குமிடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் பெருமக்களுக்கு வணக்கம்.

கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்று நிர்வாகங்களும் சேர்ந்து எடுத்த திருப்பணி நிறைவுற்றது. கோயம்பேடு சந்தைக்குப் பக்கத்துப் பழைய கல்யாண மண்டபம், இனி வீடற்ற ஆண்கள் தங்கும் இடம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூன்று வளாகத்தையும் திறந்துவிட்டு, ஒன்றாகச் சமைத்துப் போட்ட பழக்கம்தான் இந்தக் குழு. வரவு செலவுக் கணக்கு தனித்தாளில் உள்ளது. இங்கே உங்கள் கேள்விகளுக்கு மட்டும் பதில்.

அறுபது பேர் படுக்கிற இடத்தில் ஏன் முப்பது கட்டில்? கூடத்தின் பரப்பு 1,500 சதுர அடி. மத்திய அரசின் நகர்ப்புற வீடற்றோர் திட்டம் வகுத்த அளவு ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி. நெருக்கிப் போட்டால் ஒருவர் இருமலும் சொறியும் எல்லாருக்கும் வந்துவிடும்.

பகலில் எதற்குத் திறக்க வேண்டும்? சந்தையில் மூட்டை தூக்குபவருக்கு வேலையே இரவில்தான். விடிந்த பிறகுதான் அவர் படுக்க வருவார். 24 மணி நேரமும் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னதும்கூட.

இரும்பு லாக்கருக்கு அதிகம் செலவழித்துவிட்டோம் என்று சிலருக்கு வருத்தம். எங்களுக்கு இல்லை. பிளாட்பாரத்தில் தூங்குபவரிடம் திருடுபோவது செல்போனும் ஆதார் அட்டையும்தான். அட்டை போனால் பென்ஷனுக்கு அலைய வேண்டும், வேலைக்கும் அலைய வேண்டும். சாவி அவரவர் கையில் இருக்கும். ஆதார் இல்லாதவரையும் சேர்த்துக்கொள்வோம். குடித்துவிட்டு வந்தாலும் படுக்கலாம், பாட்டில் மட்டும் உள்ளே வரக்கூடாது.

அதிகம் சண்டை போட்டது அடுப்பங்கரைக்குத்தான். கடைசியில், இரவு மட்டும் சமையல், அதுவும் சைவம் என்று முடிவானது. பகலுக்கு அம்மா உணவகம் இருக்கிறது; இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். ரம்ஜான் மாதம் நோன்புக் கஞ்சி பள்ளிவாசலிலிருந்து வரும். கிறிஸ்துமஸ் பிரியாணி வெளியே சமைத்துப் பின்திண்ணையில் பரிமாறப்படும். சாமி கும்பிட்டால்தான் சோறு என்ற பேச்சே கிடையாது.

கூடத்துச் சுவரில் எந்தப் படமும் மாட்டவில்லை. "சாமி படம் இல்லாமல் என்ன திருப்பணி?" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். தங்குபவர் தன் தலைமாட்டில் எதை வைத்துக்கொண்டாலும் நாங்கள் கேட்கப்போவதில்லை. ட்யூப் லைட்டில் உபயதாரர் பெயரும் எழுதவில்லை. வெளிச்சம் வர வேண்டும் அல்லவா. பெயர்கள் கணக்குத் தாளில் அச்சாகியிருக்கின்றன.

கழிப்பறைக்குப் போகும் சாய்தளம் மட்டும் பாக்கி. அது முடியும்வரை ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணையை நிறுத்திவைத்திருக்கிறோம்.

இரவுக் காவல் முறை: வெள்ளி தேவாலயத்தார், ஞாயிறு பள்ளிவாசலார், பிரதோஷ நாட்களில் கோயிலாருக்கு விடுப்பு. புதனும் சனியும் இன்னும் ஆளில்லை. வரக்கூடியவர்கள் மாதக் கடைசிக்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.

திருப்பணிக் குழு