விளக்கெண்ணெய் பிடித்த என்ஜின்

அன்புள்ள கயல் கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதிலிருந்து எனக்கு நம் மாடல் விமானத்தின் அந்த என்ஜின் நினைப்புத்தான். "அப்பா, சுத்தவே மாட்டேங்குது, குறடு போட்டுத் திருப்பட்டுமா?" என்றாய். வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மீதியைப் போனில் சொன்னால் உனக்குப் பாதி மறந்துபோகும், எனக்கும் வரிசை தப்பும். அதனால் காலையில் பட்டறைக்குப் போகாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பயத்தை விடு. என்ஜின் கெடவில்லை, விளக்கெண்ணெய் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். நாம் ஊற்றின எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு விளக்கெண்ணெய், கொஞ்சம் நைட்ரோ மீத்தேன், மீதி மெத்தனால். அதிகச் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டு நிற்பதால்தான் அந்த எண்ணெயைச் சேர்க்கிறோம். ஆனால் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் காற்றுப் பட்டுப்பட்டு வார்னிஷ் மாதிரி இறுகி, பிஸ்டனை லைனரோடு, அதாவது அது மேலும் கீழும் ஓடும் குழாயோடு, சேர்த்துப் பிடித்துவிடும்.

இதில் தப்பு என் பேரில்தான். 2009 ஜூலையில் நீ ஹாஸ்டலுக்குக் கிளம்பின அன்றைக்குச் சாயங்காலம், கடைசியாக ஒரு தடவை என்று குளத்து மேட்டில் பறக்கவிட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? பறந்து முடிந்ததும் எரிபொருள் டியூபைக் கிள்ளிப் பிடித்து, உள்ளே இருக்கும் எரிபொருளை எரித்துத் தீர்த்து, நாலு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் வைக்க வேண்டும். உனக்கே எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருப்பேன்! அன்றைக்கு சேரன் எக்ஸ்பிரஸுக்கு நேரமாகிவிட்டது. அப்படியே துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். உன்னை ஏற்றிவிட்டு வந்த பிறகும் எடுக்கவில்லை. எடுக்க மனசு வரவில்லை. போன தீபாவளிக்கு நீ வந்து பெட்டியோடு புனேவுக்கு எடுத்துப் போகும் வரைக்கும் அது பரண் மேலேயேதான் கிடந்தது.

சரி, வேலைக்கு வருவோம். கார்புரேட்டரைக் கழற்றித் தனியாக வை. அதில் ரப்பர் ஓ ரிங் இருக்கிறது, அதற்குச் சூடு ஆகாது. சிலிண்டர் உச்சியில் தீ மூட்டும் குளோ பிளக்கையும் கழற்று. பிறகு ஹேர் டிரையரை எடுத்து, சிலிண்டரிலிருந்து முன்பக்கம் வரைக்கும் சுற்றிச் சுற்றிக் காட்டு. பத்து நிமிஷம் ஆகட்டும். கை வைக்க முடியாத அளவு சுட வேண்டும். அந்த நேரத்தில் ஒரு வாசனை வரும். அப்பத்தா வீட்டில் விளக்கெண்ணெய் காய்ச்சினால் வருமே, அதே வாசனை. அது வந்தால் இளக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். புகைபோக்கி ஓட்டை வழியாகவும் பிளக் ஓட்டை வழியாகவும் மெல்லிய எண்ணெய் சில சொட்டு விடு. பழைய மர புரொப்பல்லரை மாட்டி, கையால் ஒரு நூல் இந்தப் பக்கம், ஒரு நூல் அந்தப் பக்கம் அசைத்துப் பார். அசையவில்லையா, மறுபடி சூடு காட்டு. பெட்ரோலில் ஊறப்போட்டுப் பிரயோசனமில்லை. விளக்கெண்ணெய் ஸ்பிரிட்டில் கரையும், பெட்ரோலுக்குச் சரியாக மசியாது. காஸ்டிக் கலந்த சோப்புத் தண்ணீர் பக்கமே போகாதே, அலுமினியத்தைத் தின்றுவிடும்.

குறடு ஏன் கூடாது என்றால், நானே ஒரு தடவை செய்திருக்கிறேன். கூட்டாளி ஒருவர் நம்பிக் கொடுத்த என்ஜின். அவசரப்பட்டு வைஸில் பிடித்து, புரொப்பல்லர் மாட்டும் ஷாஃப்டைத் திருப்பினேன். "டக்" என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் பிஸ்டனையும் ஷாஃப்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்து கிடந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

சுற்ற ஆரம்பித்ததும், பிஸ்டன் மேலே போய்ச் சேரும் இடத்தில் இறுக்கமாக நிற்கும். அதைக் கோளாறு என்று நினைக்காதே. ஓ.எஸ். கம்பெனியின் இந்த 46 என்ஜினில் பிஸ்டனைச் சுற்றி ரிங் கிடையாது. பித்தளை லைனருக்கு நிக்கல் பூச்சு, மேல்பக்கம் ஒரு மயிரிழை குறுகல். சூடானால் பித்தளை விரிந்து சரியாக உட்காரும். குளிர்ந்திருக்கும்போது அந்த இடத்தில் போட்டுத் தேய்க்காதே, பூச்சு போய்விடும்.

இனிமேல்தான் நிஜமான கவலை: ஷாஃப்டைத் தாங்கும் பேரிங். பின்மூடியின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி டார்ச் அடித்துப் பார். தேன் நிறத்தில், நகத்தால் சுரண்டினால் காய்ந்த வெல்லப்பாகு மாதிரி பெயர்ந்து வந்தால் அது எண்ணெய், துடைத்தால் போச்சு. செக்கச்செவேலென்று தூளாக விரலில் ஒட்டினால் துரு. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், நைட்ரோ எரிந்த மிச்சத்தில் அமிலம் உண்டாகும். இரண்டும் சேர்ந்து முதலில் கடிப்பது பின்பக்கத்துப் பேரிங்கைத்தான். கழுவி, எண்ணெய் விட்டு, ஷாஃப்டை மெதுவாகச் சுற்றி விரல்நுனியில் கவனி. வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. மணல் போட்ட மாதிரி கரகரவென்றால் மாற்ற வேண்டியதுதான். "கொஞ்சம்தானே அப்பா" என்று ஓட்டிவிடாதே, உள்ளே ஒரு குண்டு உடைந்தால் பிஸ்டன், லைனர் எல்லாம் கீறிப் போகும். ஷாஃப்டை உருவிவிட்டு, என்ஜினின் வெளிக்கூட்டை மட்டும் 150 டிகிரியில் ஒரு ஓவனில் வைத்து எடுத்து மரக்கட்டையில் தட்டினால் பேரிங் தானே விழும். அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். சமைக்கிற ஓவன் வேண்டாம், கண்ணு.

ரப்பர் சமாசாரம் எதையும் நம்பாதே. டேங்க்குக்குள் எரிபொருளை உறிஞ்சத் தொங்கும் எடைக்குண்டின் டியூப், வெளி டியூப், ஓ ரிங் எல்லாம் புதுசு போடு. குண்டூசி முனை ஓட்டை போதும், காற்று உறிஞ்சி ஆளை அலைக்கழிக்கும். பெட்டியில் இருக்கும் பழைய எரிபொருளையும் தொடாதே. நம்ம ஊர்க் கள்ளச்சாராயச் சாவுகளில் அடிபடுகிற அதே மெத்தனால்தான் அது. கையுறை போட்டுக்கொள். வெயிலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது.

பிளக்குக்கு 1.5 வோல்ட் மட்டும் கொடு. கம்பிச்சுருள் பளிச்சென்று ஆரஞ்சாக எரிய வேண்டும். அது பிளாட்டினம் கலந்த கம்பி. மெத்தனால் ஆவி அதன்மேல் பட்டுப்பட்டுச் சூடு தங்குவதால்தான், பேட்டரியை எடுத்த பிறகும் என்ஜின் ஓடுகிறது. 1947இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் இதை விற்பனைக்குக் கொண்டுவரும் வரைக்கும், இத்தனூண்டு விமானத்தில் தீப்பொறிக்காகக் காயிலும் பேட்டரியும் சுமந்துகொண்டு பறந்தார்கள்! எனக்கு இன்றைக்கும் இது அதிசயம்தான்.

கார்புரேட்டரில் எரிபொருள் வரும் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியை இரண்டரைச் சுற்று திறந்து வை. ஸ்டார்ட்டர் வைக்கும் முன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிடு. உள்ளே எரிபொருள் தேங்கியிருந்தால் அது அமுங்காது, ராடுதான் வளையும். இரண்டு வினாடி ஓடி நின்றால் எரிபொருள் வரவில்லை. ஊசியைக் கழற்றி ஊதிப் பார். பேட்டரியை எடுத்ததும் நின்றால் பிளக் செத்திருக்கும், இல்லை எரிபொருள் அதிகம். நன்றாக ஓடிக்கொண்டே இருந்து, திடீரென்று குரல் மெலிந்து கீச்சென்று ஏறி, புகையும் நின்றால் உடனே ஊசியைத் திற. எங்கேயோ காற்று புகுகிறது. வெள்ளைப் புகை கோடு போட்டுக்கொண்டே இருக்கணும். எப்போதும் புரொப்பல்லருக்குப் பின்னால் நில், நேர் பக்கவாட்டில் நிற்காதே.

பேரிங் கரகரத்தால் சொல், இங்கே வாங்கிக் கூரியரில் அனுப்புகிறேன். டியூபும் இரண்டு பிளக்கும் எப்படியும் வரும். அம்மா அதே பெட்டியில் முறுக்கும் வைக்கிறேன் என்கிறாள், எண்ணெய் வாசனை ஒட்டாமல் தனியாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை சூடு காட்டப் போகிறாய் என்றால் எனக்கு வீடியோ கால் போடு. பிடி விடுகிற நேரத்தில் நானும் பக்கத்தில் இருக்கணும்.

அன்புடன்,
அப்பா