எழுத்தை வரைந்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் நம் நாளிதழில் செய்தி அச்சாகும் எழுத்தின் வடிவம் (ஃபாண்ட்) மாறியதை முதல் நாள் காலையிலேயே கண்டுகொண்டேன். ‘ர’வின் அடி நன்றாகச் சாய்ந்து இறங்குகிறது, துணைக்கால் நேராக நிற்கிறது. முன்பு இரண்டும் ஒன்றுபோல் தெரிந்து கண்ணைக் குழப்பும். மெய்யெழுத்தின் புள்ளியும் இப்போது தலையோடு ஒட்டுவதில்லை. கண்புரை அறுவைக்குப் பிறகு பூதக்கண்ணாடி பிடித்துப் படித்த எங்கள் வீட்டம்மா, இப்போது மூக்குக்கண்ணாடியோடு மஞ்சள் விலை வரைக்கும் படித்துவிடுகிறார். இதை வரைந்தவர் யார் என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். படம் எடுத்தவர் பெயர் இருக்கிறது, கார்ட்டூன் போட்டவர் பெயர் இருக்கிறது. இவர் பெயர் இல்லை.

நான் 1971-ல், 16 வயதில், கோபியில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக, அதாவது ஈய எழுத்துகளைக் கையால் கோக்கிறவனாகச் சேர்ந்தவன். கல்யாணப் பத்திரிகை, பாரியூர் குண்டம் திருவிழா நோட்டீஸ், மண்டி பில் புத்தகம் எல்லாம் இந்தக் கைகள் கோத்தவை. துதிக்கை வைத்த ‘லை’, சுழித்த ‘றா’ என்று பழைய வடிவம் கொண்ட 13 எழுத்துகளுக்குக் கேஸில் (ஈய எழுத்துகளைப் போட்டு வைக்கும் பெட்டியில்) தனித் தனி அறை. பெரியார் அந்தப் பழைய வடிவங்களை 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் விட்டுவிட்டார். அவற்றை மாற்றச் சொல்லி அரசாணை வந்தது 1978-ல். அதற்குப் பிறகுதான் எங்கள் கேஸில் அந்த அறைகள் ஒழிந்தன.

டைப் என்கிற ஈய எழுத்துகள் வந்த பொட்டலத்தின் மேல், அவற்றை வார்த்த பவுண்டரியின் பெயரும் எழுத்தின் பாயிண்ட் அளவும் மட்டும் இருக்கும். அந்த எழுத்தை முதன்முதலில் எஃகில் வெட்டிய கை யாருடையது என்று எங்கள் முதலாளிக்கும் தெரியாது.

தமிழ் எழுத்து வரைவது லேசான வேலை இல்லைங்க. கொம்பையும் காலையும் ஒரு தரம் வரைந்துவிட்டால் பெரும்பாலும் எல்லா எழுத்தோடும் சேர்ந்துகொள்ளும். உகர, ஊகார வரிசை அப்படி மசியாது. ‘கு’ வளைவது ஒரு விதம், ‘சு’ இறங்குவது ஒரு விதம், ‘து’ சுற்றுவது வேறு விதம். 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 உருவங்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து வரைய வேண்டும். ஔகாரக் குறி இன்னொரு தொல்லை. எங்கள் அச்சகத்தில் அதற்குத் தனி டைப் கிடையாது, ‘ள’வையே எடுத்துப் போடுவோம். மணப்பெண் பேரு கௌரியா, கெளரியா என்று பத்திரிகை வைக்கப் போன வீட்டில் கேட்டார்கள் என்று பெண்ணின் தாய்மாமன் அச்சகத்துக்கே வந்து நின்றார். அந்தக் குறியை ‘ள’வைவிடக் கொஞ்சம் சிறிதாக, வேறாக வரைந்திருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார்.

பிறகு கணினி வந்தது. விண்டோஸில் தமிழ் தட்டினால் அப்போதெல்லாம் வந்து நின்ற ‘லதா’ எழுத்தைப் பல வருஷம் பார்த்தவன் நான். அதை உருவாக்கியதற்குத் தலைமை தாங்கியவர் ஆர். கே. ஜோஷி என்று பேரன் சொல்லித்தான் அறிந்தேன். மராத்திக் கவிஞர், மும்பை ஐ.ஐ.டி.யில் கற்பித்தவர், இந்திக்கு ‘மங்கள்’ எழுத்தைத் தந்தவரும் அவரே. 2008-ல் காலமானார். நம் பிள்ளைகள் திரையில் படித்த தமிழை வரைந்த மனிதர்; இருந்த காலத்தில் ஒரு நன்றி சொல்ல எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆப்பிள் கணினிக்குத் தமிழ் எழுத்துகள் தந்த மலேசியாவின் முத்து நெடுமாறனும், நம் கட்டுமரத்தின் பெயரையே தாங்கிய ‘கேட்டமரான்’ எழுத்தை, மெல்லியது முதல் தடித்தது வரை ஒன்பது கனங்களில் வரைந்த பிரியா ரவிச்சந்திரனும் இன்றைக்கும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் பெயரையாவது இப்போதே சொல்லலாமே.

ஆகவே என் வேண்டுகோள்: அச்சிட்டு வெளியிடுபவர் பெயர் போடுகிற வரிக்குப் பக்கத்தில், ‘செய்தி எழுத்து வரைந்தவர் இன்னார்’ என்று ஒரு வரி போடுங்கள். எட்டு பாயிண்டில் ஒரே வரி, தினமும்.

வரி விளம்பரப் பக்கத்தில் இன்னும் பழைய எழுத்துதான் வருகிறது. அங்கே ‘ரு’வும் ‘று’வும் மையில் ஊறிக் கலங்குகின்றன. அதையும் சேர்த்து மாற்றிவிட்டால் நல்லதுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கம்பாசிட்டர்,
கோபிசெட்டிபாளையம்