முதுகைக் காட்டி உட்காரச் சொன்ன அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும்

பந்தலூர், கொளப்பள்ளி, சேரம்பாடி வட்டாரத்து என் மக்களுக்கு வணக்கம்.

2023 ஆகஸ்டில் ஒரு ஜீப் நிறைய ஆட்கள் கரிப்பூர் விமான நிலையம் வரை வந்து என்னை வழியனுப்பினீர்கள். 2025 நவம்பரில் திரும்பி வந்தபோதும் அதே ஜீப்தான் வெளியே நின்றது. இடையில் கழிந்த இருபத்தேழு மாதங்களில் என் வீட்டுக்கு யார் என்ன செய்தீர்கள் என்பதை அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிவருகிறார், அதுவும் சமையலுக்கு நடுவே, நினைவு வந்தால் மட்டும். முழுக் கணக்கும் கிடைக்கும்வரை காத்திருந்தால் இந்த மடலை எழுதவே மாட்டேன். விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"குரங்குக்கு வைத்தியம் பார்க்க ஆப்பிரிக்கா வரை போக வேண்டுமா, நம் ஓட்டின் மேல் இல்லாத குரங்கா?" என்று கேட்ட பெரியப்பாவுக்கு அன்று பதில் சொல்லாமல் சிரித்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். நான் இருந்தது கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு சிம்பன்சிக் காப்பகம். சிம்பன்சி வாலில்லாத மனிதக் குரங்கு. தாயைக் கறிக்காகச் சுட்டுவிட்டு, அதன் மேல் ஒட்டிக்கொண்டிருந்த குட்டியை உயிரோடு பிரித்து விற்கக் கொண்டுபோகிறார்கள். வழியில் அதிகாரிகள் பிடித்தால் அந்தக் குட்டி காப்பகத்துக்கு வருகிறது. சிம்பன்சிக் குட்டி நான்கைந்து வயது வரை தாய்ப்பால் குடிக்கும். அதன் பிறகும் பல ஆண்டுகள் தாயின் பின்னாலேயே திரிந்துதான் எதைத் தின்பது, எங்கே படுப்பது, யாருக்குப் பயப்படுவது என்று கற்றுக்கொள்ளும். தாயில்லாத ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டில் இறக்கிவிட்டு வந்துவிட முடியாது. ஐம்பது வயதுகூட வாழக்கூடிய உயிர் அது. இன்று புட்டிப்பால் கொடுப்பவர் ஓய்வு பெற்ற பிறகும் அதற்குக் கஞ்சி ஊற்ற ஒருவர் இருக்க வேண்டும்.

குட்டியைத் தூக்கிவைத்திருக்கும் படம் ஒன்றாவது அனுப்பக் கூடாதா என்று கேட்டு அலுத்துப்போனவர்கள் பலர். என்னிடம் அப்படி ஒரு படமும் இல்லை. அதைப் பார்த்து யாராவது ஒருவருக்கு 'நமக்கும் இப்படி ஒன்று கிடைக்குமா' என்று தோன்றினால் போதும், இன்னொரு தாய் சுடப்படும். அதனால் அங்கே அது விதி. காப்பகத்தின் பெயரை நான் எழுதாததற்கும் ஏறக்குறைய அதுதான் காரணம்.

முதலில் பணம். டிக்கெட்டுக்கும் மற்ற செலவுக்கும் எண்பதாயிரம் ரூபாயை எங்கள் லைன் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) மகளிர் குழு கடனாகக் கொடுத்தது. ஈட்டுக்கு என்ன வைக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. "ஊசி போட்டுக் காப்பாற்றிய மாடு எத்தனை, அதில் கழித்துக்கொள்கிறோம்" என்று தலைவி அக்கா சொன்னது விளையாட்டுக்குத்தான் என்றாலும், கூட்டத்தில் அதைக் கேட்டு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இன்னும் மூன்று தவணை பாக்கி. கழிக்க வேண்டாம் அக்கா, கட்டிவிடுகிறேன். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடுவதற்காகச் சென்னை போன நாளில் தன் ஆட்டோ ஓட்டத்தை விட்டுவிட்டு என்னோடு வரிசையில் நின்ற அண்ணனுக்கும் நன்றி. அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் போயிருந்தால், திரும்பி வரும்போது ஆறு நாள் தனியே அடைத்துவைத்திருப்பார்கள்.

அங்கே வேலை எப்படி என்றால், பெரும்பகுதி கழுவுவதும் எண்ணுவதும்தான். ஆறரை மணிக்கு இரவுக் கூண்டுகள் முன்னால் நின்று பெயர் சொல்லித் தலை எண்ண வேண்டும். நம் தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டு மாதிரியே. யார் குரல் கொடுக்கவில்லை, யார் மூக்கு ஒழுகுகிறது, யார் இரவுச் சாணம் இளகியிருக்கிறது என்று பார்த்து எழுதிவிட்டுத்தான் கஞ்சி. பிறகு கதவு திறந்தால் எல்லாம் காட்டுக்குள் ஓடும். அவை போன பிறகு கூண்டு கழுவல். இன்னொரு ஆள் மின்வேலியைச் சுற்றி நடந்து, கம்பியில் படரும் கொடியை வெட்டிவிட்டு வருவார். ஒரு கொடி ஈரத்தோடு கம்பியில் பட்டாலே மின்சாரம் தரையில் இறங்கிவிடும். சிம்பன்சிகளுக்கு அது நமக்கு முன்பே தெரிந்துவிடும். பகலில் பழம், காய், கிழங்கு என்று வேலிக்கு மேலாக வீசித் தருவோம். மாலையில் கூப்பிட்டால் வந்துவிடும். ஊஞ்சல் படுக்கையில் வைக்கோலையும் இலையையும் மடித்து மடித்துத் தன் படுக்கையைத் தானே கட்டிக்கொண்டுதான் ஒவ்வொன்றும் படுக்கும். வளர்ந்த சிம்பன்சியின் கைக்கு எட்டும் தூரத்தில் எவரும் நிற்கக் கூடாது, எத்தனை ஆண்டு பழகியிருந்தாலும். அதன் அன்பைப் பற்றி அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. அதன் கோபத்துக்கு ஒரு நொடி போதும் என்பதிலும் இல்லை.

இதில் மருத்துவரின் நிலைமைதான் பரிதாபம். கஞ்சி ஊற்றுபவரை எல்லோருக்கும் பிடிக்கும். ஊதுகுழலில் மயக்க ஊசி அடித்தவரை ஒருவருக்கும் பிடிக்காது. முகக்கவசமும் தொப்பியும் மாட்டிக்கொண்டு மாற்று வழியில் போனாலும் என் நடையைக் கொண்டே கண்டுபிடித்துவிடும். ஒன்று கத்தத் தொடங்கினால் மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். கையில் அகப்பட்ட கல், மண், அதற்கும் மேலே சொல்லக் கூச்சப்படும் பொருள் எல்லாம் என் மேல் வந்து விழும். தோளைக் கம்பியோரம் காட்டினால் கடலை கிடைக்கும் என்று மாதக்கணக்கில் பழக்கியதில், சில மட்டும் தாமாகவே ஊசிக்குத் தோளைக் கொடுக்கும் அளவுக்கு வந்தன. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்ததைவிட அதிகமாக அங்கே கற்றது பொறுமைதான்.

மாத்திரை கொடுப்பது அதைவிடப் பெரும்பாடு. வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தால், பழத்தை மென்றுவிட்டு மாத்திரையை மட்டும் உதட்டின் நுனியில் கொண்டுவந்து என் கண்முன்னால் துப்பிவிடும். இதை அம்மாவிடம் சொன்னபோது, "முதல் இரண்டு வாய் வெறுமனே கொடு, மூன்றாவதில் மருந்தை வை, நான்காவதை அது பார்க்கும்படி கையில் வைத்துக்கொள்" என்றார். நான்காவதுக்கு அவசரப்பட்டு மூன்றாவதை அப்படியே விழுங்கிவிட்டன! அம்மாவுக்கு இது புதிய விஷயம் அல்ல. தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயாவாக இருந்தவர் அவர்.

'பிள்ளைக் காம்பரா' பாட்டி இலங்கையிலிருந்து கொண்டுவந்த சொல். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்து இந்த அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியமர்ந்த மற்றக் குடும்பங்களைப் போல எங்கள் குடும்பமும் தட்டுமுட்டுச் சாமானோடு சொற்களையும் கட்டிக்கொண்டு வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் 1995இல் டக்குகாமா என்ற சிம்பன்சிக் காப்பகத்தைத் தொடங்கிய பாலா அமரசேகரன் இலங்கையில் பிறந்தவர், கணக்கராக இருந்தவர், 1988இல் ஒரு கிராமத்தில் கட்டிப்போட்டிருந்த குட்டியைப் பார்த்துப் பொறுக்காமல் இருபது டாலர் கொடுத்து வாங்கியதில்தான் எல்லாம் தொடங்கியது என்று அம்மாவிடம் சொன்னேன். "வாங்கிய பிறகு பால் யார் கொடுத்தது?" என்று கேட்டார். அம்மாவின் கேள்விகள் எப்போதும் அப்படித்தான்.

சின்னவளின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை வயதுப் பெண் குட்டி. இடுப்பில் கயிறு அறுத்த புண்ணோடு வந்தாள், நான்கு கிலோ எடை. முதல் மூன்று மாதம் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைத்து, இரவும் பகலும் ஒரே பெண் மடியில் வைத்திருப்பார். அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் வாரத்தில் சளி பிடித்துவிட்டது. நம் சாதாரணச் சளி சிம்பன்சிக் குட்டியைக் கொன்றுவிடக்கூடியது. எனவே அவர் கிட்டவே வரக் கூடாது. நான் போனேன். சின்னவள் மூலையில் போய் உட்கார்ந்து தன்னைத் தானே கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். புட்டியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு பகல், ஓர் இரவு, சொட்டுப் பால் இறங்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் அம்மா டீக்கடையில் இருப்பார் என்று தெரியும். எங்கள் லைனில் சிக்னல் கிடைக்காது. ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவை அழைத்துப் பெஞ்சில் உட்காரவைத்து, வாட்ஸ்அப் அழைப்பைத் தன் போனிலேயே போட்டுக் கொடுத்து, சாயா காசு வாங்காத சேட்டனுக்கு என் நன்றியை எந்த மொழியில் சொல்வது என்று தெரியவில்லை. அவர் மலையாளத்தில் வேண்டாம் என்பார், நான் தமிழில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாயா?" என்றார். ஆமாம். "பார்க்காதே. முதுகைக் காட்டி உட்கார். கீரை ஆய்ந்துகொண்டிரு." காம்பராவுக்குப் புதிதாக வந்து அழும் பிள்ளைக்கு அவர் செய்வது அதுதான். நேராக வெறித்துப் பார்ப்பது சிம்பன்சிக்கு மிரட்டல் என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்தது அந்த நேரத்தில் கைக்கு வரவில்லை. கீரை இல்லை, வெளியே போய் ஒரு கொத்து இலை பறித்துவந்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, காம்பு வேறு இலை வேறாக ஆய்ந்தேன். சிம்பன்சிகள் ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும்போது உதட்டைச் சப்புக்கொட்டும், அதையும் செய்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கவில்லை. முதலில் என் பின்னல் லேசாக இழுபட்டது. பிறகு சட்டைத் தோளில் ஒரு பாரம். என் முழங்கைக்கு அடியிலிருந்து கறுத்த, சுருக்கம் விழுந்த ஒரு விரல் நீண்டு, நான் ஆய்ந்து வைத்த குவியலில் ஓர் இலையைத் தொட்டது. எடுக்கவில்லை. தொட்டுவிட்டு விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டாள். அரை மணி கழித்து நாற்பது மில்லி பால் குடித்தாள்.

பதினோரு இரவு அப்படி. இப்போது அவள் குட்டிக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டாள். நான் கிளம்பும் நாளில் என்னைக் கண்டதும் மற்றவற்றோடு சேர்ந்து மண் வாரி இறைத்தாள். ஊசி போட்டவள் அல்லவா?

2024 ஜூலை 30 காலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவுச் செய்தி அங்கே எட்டியது. வயநாட்டுக்கும் நமக்கும் எவ்வளவு தூரம்? வேலைக்குப் போன நம்மவர் அங்கே எத்தனை பேர்? இரண்டு நாள் யாருக்கும் போன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் நம் பஸ் நடத்துநர் அண்ணன் "எல்லோரும் இருக்கிறோம், அம்மாவை நேரில் பார்த்தேன்" என்று ஒரு வரி அனுப்பினார். அந்த ஒரு வரிக்கு நன்றி.

நான் அப்படிப் பதறியதைப் பார்த்ததால்தான் அடுத்த மாதம் நடந்ததை எல்லோரும் சேர்ந்து மறைத்தீர்கள். அரிசி வாசனைக்கு வந்த யானை எங்கள் சமையலறைச் சுவரைத் தள்ளிவிட்டது. நாய் குரைத்த விதத்தை வைத்தே புரிந்துகொண்டு, மூன்றாம் வீட்டு அத்தை பின்கதவு வழியாக அம்மாவை இழுத்துக்கொண்டு போனார். சுவரை எழுப்பித் தகரம் வேய்ந்து முடிக்க இருபது நாள் ஆனது. அந்த இருபது நாளும் அம்மாவுக்குச் சோறு அத்தை வீட்டில். ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் அம்மா டீக்கடைப் பெஞ்சில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார், பின்னால் நின்ற நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். எனக்கு இன்னும் கோபம்தான். நன்றி மடலில் இதை எழுதக் கூடாது என்று அம்மா சொல்கிறார், எழுதுகிறேன். சொல்லியிருந்தால் கிளம்பி வந்திருப்பேன், வந்திருந்தால் சின்னவள் இல்லை. அது தெரிந்துதான் மறைத்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

தேனெடுக்கும் காட்டுநாயக்கர் தாத்தாவுக்கு ஒரு செய்தி. கொடியேணிக்கு நீங்கள் போடும் முடிச்சைப் பேரன் வீடியோ எடுத்து அனுப்பினான் அல்லவா, அதைப் பழைய தீயணைப்புக் குழாயில் கட்டி ஊஞ்சல் படுக்கை தொங்கவிட்டோம். நாங்கள் போட்ட முடிச்சுகளை எல்லாம் ஒரே பகலில் அவிழ்த்தவை உங்கள் முடிச்சோடு ஒன்பது நாள் மல்லுக்கட்டின. பத்தாம் நாள் ஒரு கிழவி அவிழ்த்துவிட்டாள். நேரில் வரும்போது அதற்கு என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

ஊர் திரும்பியதும் பள்ளியில் பேச அழைத்த தலைமை ஆசிரியருக்கும் நன்றி. "குரங்கைத் தின்கிறவர்கள் கெட்டவர்கள்தானே?" என்று ஏழாம் வகுப்புப் பையன் கேட்டான். கருங்குரங்கு லேகியம் என்று சொல்லி நம் சோலைக் கருமந்தியைக் கொன்று விற்றது எந்த ஊர் ஆட்கள் என்று திருப்பிக் கேட்டேன். அந்த லேகியத்துக்கு எந்த நோயும் தீர்ந்ததில்லை. கருமந்தி மட்டும் தீர்ந்துகொண்டே வந்தது. வகுப்பு அமைதியாகிவிட்டது, ஆசிரியர் முகமும் கொஞ்சம் மாறியது. விருந்தாளியாகப் போய் அப்படிப் பேசியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது. ஆனால் கேள்வியை மாற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வீட்டு அத்தைக்கு: அந்த இருபது நாள் முடிந்த பிறகும் நீங்கள் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்த தூக்குவாளி எங்கள் வீட்டு அடுக்கில்தான் இருக்கிறது. மூடி வேறு வாளியினுடையது என்று அம்மா சொல்கிறார், சரியான மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன். உங்கள் கறவை மாட்டுக்கும் மடிவீக்கம் என்று கேள்விப்பட்டேன், அதையும் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
லைன் வீட்டு மாட்டு டாக்டர்